நீர்க்குழாய்த் தடத் தெரிவு

நீர்க்குழாய்த் தடத் தெரிவு என்பது நீர் மூலத்தில் இருந்து ஊரின் தொட்டி வரை குழாய் செல்ல வேண்டிய வழியைத் தீர்மானித்தல் ஆகும். முன்னர் நிலப்படங்களையும் கள அளவையையும் மட்டுமே நம்பியிருந்த இப்பணியின் முதற்கட்டம், இன்று பெரும்பாலும் புவியியல் தகவல் முறைமை மென்பொருள்களைக் கொண்டு செய்யப்படுகிறது. கட்டற்ற மென்பொருள்களான கிராஸ், கியூஜிஐஎஸ் ஆகியன இதற்குப் போதுமானவை.

செலவுப் பரப்பு

நிலப்பகுதி சிறு சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் கடப்பதற்கான செலவு மதிப்பு இடப்படுகிறது. பாறை நிலம், சதுப்பு, ஆற்றைக் கடக்கும் இடம் ஆகியவற்றுக்கு மதிப்பு கூடும். குழாய்களைக் கொண்டு செல்லவும் பின்னர் பழுது பார்க்கவும் எளிது என்பதால் சாலையோரத்திற்குக் குறையும். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1903 இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 530 கிமீ நீளமுள்ள தங்கவயல் குழாய்வழி பெரும்பகுதி இருப்புப்பாதையை ஒட்டியே சென்றதும் இதனால்தான். கட்ட மதிப்புகளைக் கூட்டி, மொத்தச் செலவு மிகக் குறைந்த பாதையை மென்பொருள் வரைந்து தரும். மதிப்புகளை இடுபவர் மனிதரே என்பதால், அவற்றை மாற்றினால் பாதையும் மாறும்.

நீரழுத்தக் கோடு

குழாய், சாலையைப் போன்றது அன்று. அழுத்தம் போதுமானால் நீர் மேட்டிலும் ஏறும். மூலத்தின் நீர்மட்டத்தில் தொடங்கி, உராய்வு இழப்பால் படிப்படியாகத் தாழ்ந்து செல்லும் கற்பனைக் கோடு நீரழுத்தக் கோடு எனப்படும். குழாய் எங்கும் இக்கோட்டிற்குக் கீழேயே இருத்தல் வேண்டும். மேலே சென்றால் உள்ளழுத்தம் வளிமண்டல அழுத்தத்திலும் குறைந்து, கசியும் இணைப்புகள் வழியாக வெளியிலுள்ள அழுக்கு நீர் குடிநீரில் கலக்கக்கூடும்.

செலவுப் பரப்பு முறை இதை அறியாது. ஒரு கட்டத்தில் உள்ள அழுத்தம், நீர் அதுவரை கடந்து வந்த நீளத்தையும் குழாயின் விட்டத்தையும் பொறுத்தது. விட்டம் பாதியானால், அதே அளவு நீருக்கு உராய்வு இழப்பு ஏறத்தாழ 29 மடங்காகும். எனவே கிடைத்த பாதையின் நெடுக்குவெட்டு முகத்தை எடுத்து, இபாநெட் போன்ற நீரியல் மென்பொருளில் சரிபார்க்க வேண்டும்.

உயரத் தரவுகளின் பிழை

2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாட்களில் திரட்டிய ரேடார் உயரத் தரவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இவற்றின் செங்குத்துத் துல்லியத்திற்கு வகுக்கப்பட்ட வரம்பு 16 மீட்டர். அடர்ந்த தோப்புகளில் தரைக்குப் பதில் மரங்களின் மேற்பகுதியே ஓரளவு பதிவாகியுள்ளது. மூலத்திற்கும் தொட்டிக்கும் 20 மீட்டரே உயர வேறுபாடு உள்ள இடத்தில், நீர் தானாக ஓடுமா என்பதை இத்தரவு கொண்டு கூற இயலாது.

இதனினும் பெரிய பிழை, இருவகை உயரங்களைக் கலப்பதால் நேர்வது. மேற்கண்ட தரவு கடல்மட்டத்தை ஒட்டிய புவிவடிவப் பரப்பில் இருந்து அளக்கப்படுகிறது. செயற்கைக்கோள் இடங்காட்டிக் கருவி அடிப்படையில் அளப்பதோ கணித நீள்வட்டக் கோளத்தில் இருந்து ஆகும். தமிழகத்திலும் இலங்கையிலும் இவ்விரு பரப்புகளுக்கு இடையே 80 மீட்டருக்கும் மேற்பட்ட வேறுபாடு உண்டு. திருத்தம் செய்யாத கருவி, கடற்கரையில் நிற்பவரையும் அவ்வளவு ஆழத்தில் இருப்பதாகக் காட்டும். மூலத்தின் உயரத்தை ரேடார் தரவிலிருந்தும் தொட்டியின் உயரத்தை அத்தகைய கருவியிலிருந்தும் எடுத்தால், மேட்டிலுள்ள தொட்டி பள்ளத்தில் இருப்பதாகத் தோன்றும். விசையியக்கக் குழாய் தேவைப்படும் திட்டம், புவியீர்ப்பால் இயங்கும் திட்டமாகக் கணக்கிடப்பட்டுவிடும். இதனால் மூலம், தொட்டி, வழியிலுள்ள மேடுகள் ஆகியவற்றின் உயரங்கள் குழாய் வாங்குவதற்கு முன் மட்டமானி கொண்டு களத்தில் அளக்கப்படுகின்றன.