அம்புக்குறியின் மேல் எழுதப்படாத சொல்: கருத்தமைப்பு வரைபடங்களின் வரலாறும் தமிழ்க் கருத்தறிதலும்

தமிழகத்துக்கும் ஈழத்துக்கும் வெளியே வளரும் தமிழ்ப் பிள்ளைகளின் மொழிவகுப்புகளில், கருத்தறிதல் பயிற்சிக்கென இன்று கையாளப்படும் கருவிகளுள் ஒன்று கருத்தமைப்பு வரைபடம். ஆசிரியர்கள் தம் பேச்சில் இதனைக் ‘கிராஃபிக் ஆர்கனைசர்’ என்றே வழங்குவர். ஒரு பத்தியைப் படித்த மாணவர் அதிலுள்ள செய்திகளைப் பெட்டிகளிலோ வட்டங்களிலோ இட்டு, கோடுகளாலும் அம்புக்குறிகளாலும் இணைத்துக் காட்டுவார். இக்கருவி தமிழ் வகுப்பில் தோன்றியதன்று. ஆங்கிலவழிக் கல்வியிலிருந்து வந்து சேர்ந்தது. சிங்கப்பூரைப் போன்ற நாட்டில் மாணவர் இதனை முதலில் அறிவியல், சமூகவியல் பாடங்களில் ஆங்கிலத்தில் பழகிக்கொண்டு, பின்னரே தமிழ் வகுப்பில் சந்திக்கிறார். அங்கே 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலமே.

வேறொரு மொழியின் வாசிப்புச் சிக்கலுக்கென உருவான கருவி தமிழுக்குள் வரும்போது எதை உடன்கொண்டு வருகிறது, எதை வழியில் இழந்துவிடுகிறது என்பது அதன் வரலாற்றைப் பார்த்தால் விளங்கும். அவ்வரலாற்றின் நடுவே ஒரு சிறு பொருள் மறைவதும் மீள்வதுமாக இருக்கிறது. இரு கருத்துகளை இணைக்கும் கோட்டின் மேல் எழுதப்படும் இணைப்புச் சொல்லே அது.

முன்னோடிகள்

அறிவைக் கிளைகளாகப் பிரித்துக் காட்டும் படங்கள் ஐரோப்பாவில் பழமையானவை. ஆயினும் அவற்றைக் கற்பித்தலின் மையத்துக்குக் கொண்டுவந்தவர் என்று பாரிஸ் பேராசிரியர் பீட்டர் ரேமஸைக் (1515–1572) குறிப்பிடுவது பொருந்தும். எப்பொருளையும் இரண்டாகப் பகுத்து, அவ்விரண்டையும் மீண்டும் இரண்டிரண்டாகப் பகுத்து, அச்சிட்ட பக்கத்தில் அடைப்புக்குறிகளால் விரித்துக் காட்டும் அட்டவணைகள் அவருடைய பள்ளியினரால் பரவின. 1958இல் வால்டர் ஓங் எழுதிய நூல் இவ்வட்டவணைகளைக் கடுமையாக ஆராய்ந்தது. அறிவு காதால் கேட்டு உரையாடிப் பெறும் ஒன்றாக இருந்த நிலை தளர்ந்து, கண்ணால் பார்த்து இடம் குறிக்கும் ஒன்றாக மாறியது என்பது அவர் முடிவு. ஓங் சற்று மிகைப்படுத்தினார் என்று கருத இடமுண்டு. எனினும் வகுப்பறையில் பேச்சுக் குறைந்து தாள் மிகும் போதெல்லாம் அவர் கூற்று நினைவுக்கு வருகிறது.

அமெரிக்கப் பள்ளிகளில் வாக்கியத்தைப் படமாக வரையும் முறை 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது. 1847இல் ஸ்டீபன் கிளார்க் வெளியிட்ட இலக்கண நூல் சொற்களைக் குமிழி வடிவங்களுக்குள் அடுக்கியது. 1877இல் அலோன்சோ ரீட், பிரெய்னர்ட் கெல்லாக் என்னும் புரூக்ளின் ஆசிரியர் இருவர் குமிழிகளை நீக்கிவிட்டுக் கோடுகளை மட்டும் கொண்டனர். அவர்கள் முறையில் எழுவாயும் பயனிலையும் கிடைக்கோட்டின் மேல் நின்றன. பெயருக்கு முன்வரும் உறவுச்சொற்கள் சாய்கோட்டின் மேல் எழுதப்பட்டன. ‘மற்றும்’, ‘ஆனால்’ போன்ற இணைப்புச் சொற்கள் புள்ளிக்கோட்டின் மேல் எழுதப்பட்டன. இவ்வுறவுகள் வெறுங்கோடாக விடப்படவில்லை. அம்முறை வறண்டது, குழந்தைகளைச் சலிப்படையச் செய்தது என்ற குறைகள் பின்னர்க் கூறப்பட்டன, அவை பொய்யல்ல. ஆனால் இணைக்கும் சொல்லுக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதில் அந்த ஆசிரியர்கள் தெளிவாக இருந்தனர்.

ஆசுபெல்லிலிருந்து நோவாக் வரை

இன்றைய கருத்தமைப்பு வரைபடம் வாக்கியப் படத்தின் நேர்வழித்தோன்றல் அன்று. அதன் வேர் உளவியலில் உள்ளது. 1960இல் டேவிட் ஆசுபெல் ஒரு சோதனையை வெளியிட்டார். எஃகின் உலோகவியல் பண்புகள் பற்றிய சுமார் 2500 சொற்கள் கொண்ட பகுதியைக் கல்லூரி மாணவர்கள் படிக்க வேண்டும். அதற்கு முன் ஒரு குழுவினருக்கு, தூய உலோகங்களுக்கும் உலோகக் கலவைகளுக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளைப் பொதுநிலையில் விளக்கும் சிறு முன்னுரை தரப்பட்டது. மற்றக் குழுவினருக்கு இரும்பு உருக்கும் முறைகளின் வரலாறு தரப்பட்டது. சில நாள் கழித்து நடந்த தேர்வில் முதற்குழுவே மேம்பட்டது. புதிய செய்தி சென்று பற்றிக்கொள்ள மாணவர் மனத்தில் முன்னரே ஒரு கொழுகொம்பு வேண்டும் என்பது இதன் அடிப்படை. அக்கொழுகொம்பை அவர் ‘முன்னமைப்பி’ என்று பொருள்படும் பெயரால் குறித்தார்.

இங்குக் கவனிக்கத்தக்கது, ஆசுபெல்லின் முன்னமைப்பி படமே அன்று என்பதாகும். அது முழு வாக்கியங்களாலான உரைநடை. பாடத்தின் சுருக்கத்தையும் தலைப்புப் பட்டியலையும் முன்னமைப்பியோடு ஒன்றாகக் கருதக்கூடாது என்று அவர் வற்புறுத்தினார்.

படமாக மாற்றியவர் ரிச்சர்ட் பாரன். சிராகியூஸ் பல்கலைக்கழகத்தில் ஹரால்ட் ஹெர்பர், பாட நூல்களை வாசிக்கக் கற்பிப்பது பற்றி ஆய்வுக்குழு ஒன்றை நடத்திவந்தார். அக்குழுவின் 1969ஆம் ஆண்டு அறிக்கையில் பாரன் ஒரு புதிய முறையை முன்வைத்தார். பாடத்தின் முதன்மைச் சொற்களைத் தெரிந்தெடுத்து, அவற்றின் உறவு புலப்படுமாறு கிளைப்படமாக அடுக்கி, மாணவர் அறிந்த சொற்களையும் உடன்சேர்த்து, பாடம் தொடங்கும் முன் கரும்பலகையில் வரைந்து விளக்குவது அம்முறை. ஆசுபெல்லின் வாக்கியங்கள் சொற்களாகச் சுருங்கின, உறவுகள் கோடுகளாயின. எனினும் பாரனின் வகுப்பில் கோட்டின் பொருளை ஆசிரியர் வாயால் சொன்னார். ‘இது அதன் ஒரு வகை’, ‘இதனால் அது விளைகிறது’ என்று வரைந்துகொண்டே பேசினார். படத்தில் இல்லாத இணைப்பைப் பேச்சு நிரப்பியது.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் கருவி ஆசிரியர் கையிலிருந்து மாணவர் கைக்கு மாறியது. பாடத்துக்கு முன் ஆசிரியர் வரைந்த படம், படித்து முடித்தபின் மாணவர் வரையும் படமானது. 1984இல் டேவிட் மூரும் ஜான் ரீடன்ஸும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். படித்தபின் அமைக்கும் படமே, படிக்குமுன் காட்டும் படத்தைவிட மிகுந்த பயன் தந்தது என்பது அவர்கள் கண்டது. இப்படங்களைத் தயாரித்த ஆசிரியர்கள் தாம் பாடத்துக்கு நன்கு ஆயத்தமாக இருப்பதாக உணர்ந்தனர் என்பதும் அவர்கள் பதிவு செய்தவற்றுள் ஒன்று. படத்தை வரைந்தவரே அதிகம் கற்கிறார் என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை. அப்படியிருந்தும் கருவி பரவியது வேறு வடிவில்: நகலெடுப்பதற்கென அச்சிட்ட வெற்றுப்படத் தாளாக. அத்தாளில் பெட்டிகளின் எண்ணிக்கையை வேறொருவர் முடிவு செய்துவிட்டார். உறவின் வகையையும் அவரே முடிவு செய்துவிட்டார். பாரனின் பேச்சும் அங்கில்லை.

இதே காலத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மற்றொரு கிளை வளர்ந்தது. ஜோசப் நோவாக்கின் குழு, இளஞ்சிறார் அறிவியல் கருத்துகளைப் புரிந்துகொள்ளும் விதத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தது. பேட்டிகளின் எழுத்துப்படிகள் குவிந்தன. ஒரு குழந்தையின் புரிதல் எங்கே மாறியது என்பதை அவற்றிலிருந்து பிரித்தறிவது அரிதாயிற்று. இத்தேவையிலிருந்து 1972இல் பிறந்ததே எண்ணக்கருப் படம். ஆசுபெல்லின் கொள்கையையே அடியாகக் கொண்ட நோவாக், பாரன் விட்டுவிட்டதை மீட்டார். இரு கருத்துகளை இணைக்கும் கோட்டின் மேல் இணைப்புச் சொல் கட்டாயம் எழுதப்பட வேண்டும். கருத்து, இணைப்புச் சொல், கருத்து ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு கூற்றாகப் படிக்கப்பட வேண்டும். 1984இல் பாப் கோவினுடன் இணைந்து அவர் எழுதிய நூல் இவ்விதியை உலகெங்கும் கொண்டுசென்றது. விதி சென்ற அளவுக்கு வழக்கம் செல்லவில்லை.

1980இல் பானி மேயரும் உடனாய்வாளர்களும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்திய ஆய்வும் இங்கே நினைக்கத்தக்கது. பனுவலின் மேல்நிலை அமைப்பை, அதாவது ஒப்பீடா, காரண விளைவா, சிக்கலும் தீர்வுமா என்பதைக் கண்டுகொண்டு பயன்படுத்திய மாணவர்கள் மிகுதியாக நினைவுகூர்ந்தனர். அவ்வமைப்பை வெளிப்படையாகக் காட்டும் குறிப்புச் சொற்கள், சொல்லறிவு இருந்தும் வாசிப்பில் பின்தங்கியவர்களுக்கே பெரிதும் உதவின. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு தன் அறிக்கையில் கருத்தமைப்பு வரைபடத்தைச் சான்றுள்ள உத்திகளுள் ஒன்றாக ஏற்று, குறிப்பாக அறிவியல், சமூகவியல் பாடங்களில் அதன் பயனைச் சுட்டியது. அவ்வறிக்கைக்குப் பின் கருவியின் மதிப்பு உறுதிப்பட்டது. ஆயின் அச்சான்று, தம் முதன்மை மொழியில் செய்தியைக் கற்கும் மாணவர் பற்றியது. செய்தியின் வழியே மொழியைக் கற்கும் மாணவரின் நிலை வேறு.

தமிழ்ப் பத்தியும் வெற்று அம்பும்

ஓர் எளிய பத்தியைக் கொள்வோம். ‘மழை பெய்யாததால் ஏரி வற்றியது. ஏரி வற்றியும் ஊரார் ஊரைவிட்டுப் போகவில்லை. ஆழக் கிணறு வெட்டிப் பயிர் செய்தனர்.’ வழக்கமான தாளில் மாணவர் இதனை நிரப்பினால் ஐந்து பெட்டிகளும் நான்கு அம்புகளும் கிடைக்கும்: மழை இல்லை, ஏரி வற்றல், ஊரார் போகவில்லை, கிணறு, பயிர். இனி அப்படத்தை மட்டும் பார்த்துப் பத்தியை மீட்கச் சொன்னால், ‘ஏரி வற்றியதால் ஊரார் போகவில்லை’ என்று மாணவர் சொல்லலாம். படம் அதனைத் தடுக்கவில்லை. முதல் அம்பு காரணத்தைக் காட்டுகிறது. இரண்டாவது அம்பு எதிர்பார்ப்புக்கு மாறானதைக் காட்டுகிறது. கிணற்றிலிருந்து பயிருக்குச் செல்லும் அம்பு, செயலின் வரிசையையும் வழியையும் ஒருங்கே காட்டுகிறது. நான்கும் ஒரே வடிவில் உள்ளன.

ஆங்கிலத்தில் இவ்வுறவுகள் பெரும்பாலும் தனிச்சொற்களாக நிற்கின்றன. முக்கியச் சொற்களுக்கு அடிக்கோடிடச் சொன்னால் ஒருவேளை அவையும் கோட்டில் அகப்படும். தமிழில் அவை வினையின் ஈற்றில் ஒட்டிக்கொண்டு வருகின்றன: ‘பெய்யாததால்’ என்பதில் ஆல், ‘வற்றியும்’ என்பதில் உம், ‘வெட்டி’ என்பதில் இகரம். ‘வந்தால்’ என்பதற்கும் ‘வந்தாலும்’ என்பதற்கும் இடையே பொருள் தலைகீழாகிறது. வேறுபாடு ஓர் உம்மை மட்டுமே. முக்கியச் சொல்லைப் பெட்டியில் இடும்போது வெட்டி எறியப்படுவது இவ்வீறே. ‘வற்றியும்’ என்பது ‘வற்றல்’ ஆகிவிடுகிறது.

வீட்டில் தமிழ் கேட்டு வளராத பிள்ளைக்கு மழை, ஏரி, கிணறு என்னும் பெயர்ச்சொற்கள் விரைவில் வசப்படுகின்றன. ஈறுகளே நெடுநாள் நழுவுகின்றன. பெயர்ச்சொற்களையும் உலக அறிவையும் கொண்டே தாளைச் சரியாக நிரப்பிவிட முடியும் என்பதால், ஈறுகளைப் படிக்காமலேயே முழு மதிப்பெண் பெற வழியுண்டு. ஆசிரியரும் மாணவருக்குப் பத்தி புரிந்துவிட்டது என்று நம்பிவிடுகிறார். இக்கருவியால் விளையக்கூடிய தீங்குகளுள் இதுவே பெரிது. அதற்காகக் கருவியைக் கைவிடுவதும் முறையாகாது. சொல்வளம் குறைந்த மாணவர் ஒரு நீண்ட பத்திக்குள் நுழையவே அஞ்சும்போது, நான்கு பெட்டிகள் அவருக்குப் படிக்கட்டாகின்றன என்பதை வகுப்பெடுத்த எவரும் மறுக்கார்.

அவ்வாறாயின் நோவாக்கின் விதியை அப்படியே தமிழில் பின்பற்றலாமே எனத் தோன்றும். அதிலும் ஒரு தடை உண்டு. அவருடைய கூற்று, பெயர், வினை, பெயர் என்னும் ஆங்கில வரிசையில் அமைந்தது. மழை என்னும் பெட்டியிலிருந்து ஏரி என்னும் பெட்டிக்குக் கோடிழுத்து, அதன் மேல் ‘நிரப்புகிறது’ என்று எழுதினால், கோட்டின் வழியே படிப்பவர் ‘மழை நிரப்புகிறது ஏரி’ என்று படிப்பார். தமிழுக்கு வினை இறுதியில் வர வேண்டும். ஏரி ‘ஏரியை’ ஆக வேண்டும். எனவே தமிழ்ப் படத்தில் வேற்றுமை உருபு பெயரோடு பெட்டிக்குள் நிற்பதும், இரு பெட்டிகளையும் படித்த பின்னரே கோட்டின் மேலுள்ள வினையைப் படிப்பதும் ஏற்ற முறையாகும். வாக்கியங்களை இணைக்கும் அம்புகளின் மேல் ஆல், உம் முதலிய ஈறுகளை அவை ஒட்டிய வினையோடு சேர்த்தே எழுத வேண்டும்.

தமிழ் இலக்கண மரபுக்கு இச்சிக்கல் அயலானதன்று. உம்மைக்கு எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என எட்டுப் பொருள்களைத் தொல்காப்பியம் இடையியலில் வகுத்தது. ‘வற்றியும்’ என்பதன் உம்மையைப் பதின்மூன்று வயது மாணவர் தவறவிடுவது, அத்துணை நுண்மையான ஓரிடத்தில்தான். செய்யுளின் சொற்கள் எவ்வழியே சென்று பொருள் முடிகின்றன என்பதைத் தொல்காப்பியம் நான்கு பொருள்கோளாகவும், 13ஆம் நூற்றாண்டில் பவணந்தியாரின் நன்னூல் எட்டாகவும் கூறின. நன்னூல் தரும் பெயர்களுள் சில கண்முன் காட்சியாகவே விரிகின்றன. ஆற்றுநீர் நேரே ஓடுகிறது. விற்பூட்டில் இரு முனைகளும் நாணால் பூட்டப்படுகின்றன. தாப்பிசையில் நடுச்சொல் ஊஞ்சல்போல் இருபுறமும் சென்று பொருந்துகிறது. அளைமறிபாப்பில் புற்றுக்குள் நுழையும் பாம்பு தலைமடங்குவதுபோல் இறுதி அடி இடையிலும் முதலிலும் சென்று சேர்கிறது.

இதனைக் கொண்டு ‘கருத்தமைப்பு வரைபடம் நம்மிடம் அன்றே இருந்தது’ என்று முழங்குவது மாநாட்டு மேடைக்கு இனிக்கலாம், வரலாற்றுக்குப் பொருந்தாது. பொருள்கோள் செய்யுட் சொற்களின் செலவைப் பற்றியது. பத்தியொன்றின் செய்தியமைப்பைப் பற்றியதன்று. அங்கே படமும் இல்லை, வாக்கால் சொன்ன உவமையே உண்டு. பயன்தருவது வேறொன்று. உரையாசிரியர்கள் சொற்களை இணைக்கும்போது ‘எனக் கூட்டுக’, ‘என முடிக்க’, ‘என விரிக்க’ என்று மாணாக்கனுக்கு ஏவல் தந்தனர். எந்தச் சொல் எதனோடு எவ்வாறு சேர்கிறது என்பது ஊகத்துக்கு விடப்படவில்லை. உருபு தொக்கிருந்தால் அதனை விரித்தே பொருள் சொன்னார்கள். கோட்டின் மேல் சொல் எழுதும் பழக்கத்துக்கு ஈடாகத் தமிழ் வகுப்பறை கைக்கொள்ளத்தக்க பழக்கம் இது.

ஆகவே தமிழ் வகுப்பில் இப்படத்தின் இறுதிப்படி, தாளை நிரப்பி ஒப்படைப்பதாக இருக்க இயலாது. பத்தியை மூடிவைத்து, தாம் வரைந்த படத்தைக் கையில் கொண்டு, ஒவ்வோர் அம்பையும் மாணவர் வாய்விட்டு முழு வாக்கியமாக விரிக்க வேண்டும். இரண்டாம் பெட்டியிலிருந்து மூன்றாம் பெட்டிக்குச் செல்லும்போது ‘வற்றியதால்’ என்பதா, ‘வற்றியும்’ என்பதா என்று அவர் நின்று தயங்கும் கணம் ஆசிரியருக்குக் கேட்கும். இப்போது வழங்கும் அச்சுத்தாள்களில் பெட்டிகள் அகலமாக உள்ளன; அம்புகளோ ஒரு சொல் எழுதவும் இடமின்றிக் குறுகியிருக்கின்றன.