வேப்பமரத்துக்கு என்ன கணக்கு?

வானகரத்திலிருந்து அம்பத்தூர் செல்லும் சாலையை ஒட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. பின்புறத்தில் ஒரு வேப்பமரம்; அதனடியில் சிமெண்டுத் திண்ணை. மரத்தை வெட்டினால் இரண்டு கார்கள் நிறுத்தலாம் என்று குடியிருப்போர் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றவர்களுக்கோ எடுத்துச்சொல்ல எண் ஏதும் இல்லை. நோயுற்ற ஒருவரைக் காணச் சென்றிருந்த நான் அவ்விவாதத்தைக் கேட்டபடி நின்றேன். நிழலின் நன்மையை அளக்க முடியுமா?

இக்கேள்வியின் வரலாறு சென்னையையும் தொட்டுச் செல்கிறது. 1914 செப்டம்பரில் சென்னையைத் தாக்கிய எம்டன், அடுத்த மாதமே ‘கிளான் கிராண்ட்’ என்னும் கப்பலை மூழ்கடித்தது. அதில் இருந்தவை, ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று இங்கு வந்த ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிஸின் நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்கள். நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்பியவற்றைக் கொண்டு 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சியை நடத்தியே தீர்த்தார் அவர்.

இந்தக் கெடிஸ், மணமான புதிதில் எடின்பரோவின் நெருக்கடி மிகுந்த பழைய நகரில் ஏழைகளின் நடுவே குடியேறியவர். பிற்காலத்தில் அவருடைய குழுவினர் அங்குக் கேட்பாரற்றுக் கிடந்த மனைத்துண்டுகளைத் தேடிக் கணக்கெடுத்தனர். எழுபதுக்கும் மேற்பட்ட துண்டுகள். அனைத்தும் சேர்ந்தும் ஏறத்தாழ 10 ஏக்கர்தான்! அவற்றுட் சிலவற்றை அவர் மகள் நோரா முன்னின்று தோட்டங்களாக்கினார். நிலம் அளக்கப்பட்டது, அங்கு வந்து அமர்ந்தோரின் மனம் அளக்கப்படவில்லை.

அதற்கு வழிகண்டது சிகாகோ. அங்கு 1962-இல் கட்டி முடிக்கப்பட்ட ராபர்ட் டெய்லர் குடியிருப்பில் ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற 28 கட்டடங்கள். சிலவற்றின் அருகே மரங்கள் எஞ்சின. சிலவற்றின் அருகே வெறும் தளமே இருந்தது. எந்த வீடு என்பதைக் குடியேறுவோர் தேர்ந்தெடுக்க இயலாது. ஆகவே மரத்தடி ஏழையும் வெயிலடி ஏழையும் மற்றெல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒத்தவர்களே. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிரான்சிஸ் குவோவும் வில்லியம் சல்லிவனும் இதைப் பயன்படுத்தி, அங்கு வாழ்ந்த 145 பெண்களிடம் ஆய்வு நடத்தினர். 2001-இல் வெளியான முடிவின்படி, பசுமையருகே வாழ்ந்தோரிடம் சினமும் வன்செயலும் குறைவு. கவனத்தை ஒருமுகப்படுத்தும் ஆற்றல் மிகுதி. அக்கட்டடங்கள் 2007-க்குள் இடிக்கப்பட்டுவிட்டன, ஆய்வு நிற்கிறது.

2018-இல் வெளியான பிலடெல்பியா ஆய்வு இன்னும் கறாரானது. 541 பாழ்மனைகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் மூன்றாகப் பிரித்தனர். ஒரு பகுதியில் புல்லும் சில மரங்களும் நட்டுத் தாழ்ந்த மரவேலி இட்டனர். ஒரு பகுதியில் குப்பையை மட்டும் அகற்றினர். எஞ்சியதை அப்படியே விட்டனர். விட்ட மனைகளோடு ஒப்பிடுகையில், பசுமையாக்கிய மனைகளின் அருகே மனச்சோர்வு கொண்டதாகச் சொன்னோர் 41.5 விழுக்காடு குறைந்தனர். குப்பையை மட்டும் அகற்றிய இடங்களில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. தூய்மையே போதும் என்றிருந்த எனக்கு இது வியப்பாகவே இருந்தது.

‘கடந்த 30 நாள்களில் எவ்வளவு முறை உம்மைப் பயனற்றவராக உணர்ந்தீர்?’ என்ற வகையில் அமைந்தவை அவர்கள் கேட்ட கேள்விகள். நம் வீட்டுத் தாய்மார்களிடம் இப்படிக் கேட்டால் என்ன விடை வரும்? ‘அதெல்லாம் ஒன்றுமில்லை சாமி’ என்பார்கள். பிறகு காப்பி கொடுப்பார்கள். ‘தூக்கம் வருகிறதா? மாலையில் யாரோடு பேசினீர்கள்?’ என்று கேட்டாலன்றி உண்மை வெளிப்படாது.

2020 முதல் சென்னை மாநகராட்சி மியாவாக்கி முறையில் சிறு காடுகளை வளர்த்துவருகிறது; வரவேற்க வேண்டிய முயற்சி. ஆயினும் செய்தித்தாள்களில் நாம் படிப்பதெல்லாம் பெரும்பாலும் கன்றுகளின் எண்ணிக்கையும் பரப்பளவுமே. பக்கத்து வீட்டு முதியவர் நன்றாக உறங்குகிறாரா என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

அந்த வானகரக் குடியிருப்பில் கல்லூரி மாணவி ஒருத்தியிடம், ஏழு நாள் மாலையில் திண்ணையில் அமர்வோரை எண்ணி, அவர்கள் சொல்வதைக் குறித்துவை என்றேன். மூன்றாம் மாடியிலிருந்து கைத்தடியோடு இறங்கிவரும் பாட்டியின் பெயரே அவள் தாளில் முதல் வரியில் இருக்கிறது. அடுத்த கூட்டம் ஞாயிறு மாலை.