தன்மதிப்பீடு (பள்ளிக் கல்வி)

தன்மதிப்பீடு என்பது, எந்தத் திறன் தன்னிடம் வளர்ந்துள்ளது, அடுத்து எதில் முயல வேண்டும் என்பதை மாணவரே சான்றுகளுடன் ஆராயும் கற்றல் முறை. வாசிப்பு, கணக்கு ஆகியவற்றுடன் குழுவாகச் செயல்படுதல், செவிமடுத்தல், சிக்கல் தீர்த்தல், விடாமுயற்சி ஆகிய திறன்களும் இதில் அடங்கும்.

பின்னணி: தன்மதிப்பீட்டுக்கு அடிப்படையான, தன் சிந்தனையைத் தானே கவனித்து நெறிப்படுத்தும் ஆற்றலை அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளேவெல் 1970களில் ஆராய்ந்தார். 1998இல் பிரிட்டனின் கல்வி ஆய்வாளர்கள் பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் வகுப்பறை மதிப்பீட்டு ஆய்வுகளைத் தொகுத்து, தன்மதிப்பீடு கற்றலுக்கு இன்றியமையாதது என வலியுறுத்தினர்.

செயல்முறை: எதிர்பார்க்கப்படும் திறனை ஆசிரியர் முதலில் எளிய சொற்களில் விளக்குவார். மாணவர் தம் பழைய, புதிய படைப்புகளைச் செயல்தொகுப்பில் சேர்த்து ஒப்பிடுவார். "நன்றாகப் பேசினேன்" என்பதோடு நிறுத்தாமல், "நண்பன் பேசி முடிக்கும்வரை காத்திருந்து பதில் சொன்னேன்" என்று செயலைச் சுட்டிக் கூறப் பழகுவார். ஆசிரியரின் கேள்விகள் இதற்குத் துணைநிற்கும்.

இந்தியாவில்: 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில், குழந்தைகள் கற்றல் படிகளை வரிசையாகக் காட்டும் கற்றல் ஏணியைப் பார்த்துத் தம் நிலையை அறிந்தனர். தேசியக் கல்விக் கொள்கை 2020, முன்னேற்ற அட்டையில் ஆசிரியர் மதிப்பீட்டுடன் தன்மதிப்பீட்டையும் சக மாணவர் மதிப்பீட்டையும் சேர்க்கப் பரிந்துரைக்கிறது.

வரம்பு: தன்மதிப்பீட்டுக்கு மதிப்பெண் வழங்கினால், குழந்தைகள் தம் குறைகளை மறைக்க முற்படலாம். அச்சமற்ற வகுப்பறையே இதன் அடிப்படைத் தேவை.