துணியாகப் பிறந்த பீரோ

திருவண்ணாமலையில் கல்யாணச் சீர் ஏற்றிய வண்டி போனால், கட்டில் மெத்தைக்கு நடுவே கயிறு கட்டி நிற்கும் பீரோ முதலில் கண்ணில் படும். இரும்புத் தகடு, கதவில் நிலைக்கண்ணாடி, உள்ளே நகைக்கு லாக்கர். பெயர் மட்டும் பிரெஞ்சு. பாரிஸில் ‘பீரோ’ எங்கே என்று கேட்டால், எழுதும் மேசையையோ அலுவலகத்தையோதான் காட்டுவார்கள்.

அதற்கும் முன்னால் அது துணி. பழைய பிரெஞ்சில் ‘பூரெல்’ என்பது முரட்டுக் கம்பளி. எழுத்து வேலைக்கான மேசையில் அதை விரித்தார்கள். விரிப்பின் பெயர் மேசைக்கு ஏறியது. மேசையிலிருந்து அறைக்கும், அறையிலிருந்து அலுவலகத்துக்கும் தாவியது. ரஷ்யாவைச் சுற்றிக்கொண்டு தமிழ்ச் செய்தித்தாளுக்கு வந்த ‘பொலிட்பீரோ’ இந்த அலுவலகக் கிளைதான்.

மேசைக் கிளையின் ராஜா வெர்சாய் அரண்மனையில் இருக்கிறது. அந்த மேசையைப் பதினைந்தாம் லூயி மன்னருக்காக 1760இல் ஓபென் என்ற தச்சர் தொடங்கினார். அவர் 1763இல் இறந்துபோக, ரீஸ்னர் என்பவர் 1769இல் முடித்துக் கொடுத்தார். பல நிற மரச்சீவல்களை இழைத்துப் பதித்த பூக்கள், பொன்முலாம் பூசிய வெண்கல உருவங்கள், உருண்டு மூடும் மேல்பலகை. ஒரே சாவியைக் கால்வட்டம் திருப்பினால் மேசை முழுவதும் திறக்கும். மைக்கூட்டு அறை மட்டும் பக்கவாட்டில் தனியே திறக்கும்: ராஜாவின் காகிதங்களைத் தொடாமல் வேலைக்காரர் மை நிரப்பலாம்.

ஓபென் உளியெடுத்த அதே 1760இல் திருவண்ணாமலை ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1757இல் அதைப் பிடித்திருந்தது பிரெஞ்சுப் படை.

படைகள் போயின, சொல் ஊருக்கு ஊர் உருமாறியது. இங்கிலாந்தில் ‘பீரோ’ இழுப்பறை வைத்த எழுதுமேசை. அமெரிக்காவில் வெறும் இழுப்பறைப் பெட்டி. தமிழில் எழுதும் பலகை காணாமல் போய்ப் பூட்டு மட்டும் தங்கியது. 1923இல் கோத்ரெஜ் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியது. பிறகு ‘கோத்ரெஜ் பீரோ’ என்பதே வீட்டுப் பேச்சானது. அலமாரி, மேசை, சாவி மூன்றும் போர்ச்சுக்கீசியம் தந்தவை. ஆகவே ‘பீரோ சாவி’ என்பதில் பூட்டு பிரெஞ்சு, திறப்பு போர்ச்சுக்கீசியம்! ஜன்னல் வழியே பீரோவை இழுத்துத் திருடும் கூட்டத்துக்கு ஒட்டிக்கொண்ட ‘பீரோ புல்லிங்’ என்ற பெயரில் ஆங்கிலமும் சேர்ந்துகொண்டது.

திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியில் நெய்த பட்டுப்புடவை, கல்யாணம் முடிந்ததும் மடித்து இந்தப் பீரோவுக்குள் போகிறது. மேசைக்கு மேலே கிடந்த துணி, இப்போது உள்ளே.