ஒரு பைசாவும் பச்சை நோட்டும்

உக்கடம் பெரியகுளத்தின் கரையில் நடக்கிறவன் இப்போது தண்ணீரோடு சேர்த்து, அதன்மேல் மிதக்கும் சூரியத் தகடுகளையும் பார்க்கிறான். 154 கிலோவாட், சுவிட்சர்லாந்தின் பணமும் அதில் இருக்கிறது. உக்கடத்து வாரியக் குடியிருப்பின் சுவர்களில் 2022-23ல் ஓவியர்கள் வந்து மாடி உயரச் சித்திரங்கள் தீட்டிப் போனார்கள். சித்திரங்களில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் சுவர் நிறைந்த பிறகு கண் தானாகவே மேலே போகிறது. மொட்டைமாடியில் விழும் வெயில் யாருடையது? மத்திய அரசின் 2024ம் ஆண்டுத் திட்டம் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. மீதிப் பணமும் சொந்தக் கூரையும் உள்ளவனுக்குத்தான் அது. நான்கு மாடியில் மூன்றாம் மாடிக்காரனுக்குக் கூரை என்று எதைச் சொல்வது?

லண்டனில் வால்தம்ஸ்டோ பகுதியில் ஹிலரி பவல், டான் எடெல்ஸ்டின் என்ற தம்பதி இந்தக் கேள்வியை அச்சுக் கலையில் கேட்டிருக்கிறார்கள். 2018ல் மூடிக்கிடந்த ஒரு வங்கிக் கட்டடத்தில் பட்டறை போட்டு, அந்த வட்டாரத்தில் சோறுபோடுகிறவர்கள், பள்ளி நடத்துகிறவர்கள் முகங்களை ராணியின் இடத்தில் வைத்து நோட்டு அச்சடித்தார்கள். அவற்றை விற்ற பணத்தில் பாதியைக் கொண்டு, கடன் சந்தையில் சில்லறை விலைக்குக் கிடைத்த 12 லட்சம் பவுண்டு ஏழைக் கடனை வாங்கி ரத்து செய்தார்கள். பிறகு தங்கள் தெருவான லின்மத் ரோட்டையே ஒரு மின்நிலையமாக்குவது என்று இறங்கி, அதற்கும் நோட்டு அடித்தார்கள். இம்முறை பச்சை நோட்டு. பெயர் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால நோட்டிலிருந்து வந்தது; 1862ல் தங்கத்தின் பின்பலம் இல்லாமல் அச்சடிக்கப்பட்டது அது. யுத்தத்துக்கு அச்சடிக்க முடிந்த பணம் வெயிலுக்கு ஏன் முடியாது என்பதுதான் அவர்களுடைய வாதம். 2022 கடைசியில், குளிரில், கூரைமேல் படுக்கை போட்டுப் படுத்து ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள்.

இதில் கோமாளித்தனமும் உண்டு. நோட்டை வாங்குகிறவன் கலைப்பொருள் வாங்குகிறான்; மின்கட்டணம் கட்ட முடியாதவன் அதை வாங்கப்போவதில்லை. தெருவின் வெளிச்சம் கடைசியில் தயாளத்தைத்தான் நம்பியிருக்கிறது. இருந்தாலும் பணமே ஒரு செதுக்கச்சு என்பதைக் கையில் கொடுத்து உணர்த்திவிட்டார்கள். இதைச் சுவரோவியம் செய்யாது. சுவரோவியம் சுவர்க்காரனுடையது, அச்சுப்படம் கைமாறும்.

கோவைக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பைக்காராவிலிருந்து கம்பி இறங்கியது 1930களின் தொடக்கத்தில். மலையிலிருந்து விழுந்த நீர். கரி வேண்டாம், எண்ணெய் வேண்டாம். இன்று எதைத் தீராத ஆற்றல் என்று கொண்டாடுகிறார்களோ, கொங்கு நாட்டின் மில்கள் அதில்தான் பெருகின. கிணற்றுக்கு மோட்டார் வந்தது. கவலை இழுத்த காளைகள் தொழுவத்துக்குப் போயின. மோட்டார் இருக்கிற தைரியத்தில் கிணற்றை ஆழப்படுத்தினார்கள். ஆழம் கூடக்கூடக் குதிரைச்சக்தி கூடியது, அதோடு பில்லும். நெய்வேலியும் எண்ணூரும் சேர்ந்த பிறகு கம்பியில் வருவது ஆறா கரியா என்று பிரித்துச் சொல்லவும் முடியாமல் போயிற்று.

1970ல் விவசாய மின்சாரம் யூனிட் 8 பைசாவிலிருந்து 10 பைசாவானது. நாராயணசாமி நாயுடுவின் பின்னால் கோவை மாவட்டம் திரண்டது. ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு. மூன்று விவசாயிகள் செத்தார்கள். கட்டணத்தில் ஒரு பைசா குறைந்தது. 1972ல் மறுபடி உயர்வு, மறுபடி போராட்டம். இந்தத் தடவை மாட்டுவண்டிகள் வந்து கோவைத் தெருக்களை அடைத்தன. மோட்டாரால் வேலை இழந்த காளை, மோட்டாரின் கட்டணத்துக்காக நகரத்துக்குள் வந்து நின்றது. ஒரு மரச் செதுக்குக்கு இதைவிட என்ன வேண்டும்? 1938ல் மெக்சிகோவில் அரசு எண்ணெய்க் கிணறுகளை எடுத்துக்கொண்டபோது, முந்தின வருஷம் தொடங்கியிருந்த மக்கள் அச்சுப் பட்டறையின் ஓவியர்கள் லினோலியத்தை வெட்டி அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். இங்கே இரண்டு போராட்டங்களுக்கும் நடுவில், 1971ல், இதே ஊரிலிருந்து வானம்பாடி வந்தது. கவிதைகள் நிறைய வந்தன. மாட்டுவண்டிகளின் செதுக்குப்படம் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை.

பிறரை மட்டும் சொல்வது நியாயமாகாது. நானும் சிறுபத்திரிகை அட்டைகளுக்கு லினோ வெட்டியவன்தான். பிளாக் போடக் காசில்லை என்பதால் லினோ. வெட்டியதெல்லாம் முகமற்ற மனிதன், உடைந்த சன்னல், நிழல். எங்களுடைய ஏழ்மை சாதனத்தில் இருந்தது, படத்தில் இல்லை. இப்போது யோசித்தால், மின்சாரத்தின் விலையைப் பற்றி இந்த நாட்டில் அதிகம் பிரதியான அச்சு எந்த ஓவியனும் செய்ததல்ல. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய மின்வாரிய வெள்ளை அட்டை. தேதி, அளவு, யூனிட், தொகை, கையெழுத்து. என் அம்மா அதைப் படிக்கிற முகத்தை நான் ஒருநாளும் வரைந்ததில்லை.

போன மாதம் ஒரு லினோத் துண்டு வாங்கி அந்த அட்டையின் கட்டங்களை வெட்ட ஆரம்பித்தேன். எண்களை இடம்வலமாக மாற்றி வெட்டவேண்டும். 8 எப்படித் திருப்பினாலும் 8தான், சிரமமில்லை. 10 கட்டையில் 01 ஆகிறது. 9தான் கைக்கு வசப்படவில்லை; இரண்டு முறை கத்தி வழுக்கிவிட்டது.