கற்பித்தலும் அனுப்புதலும்

கொங்கு நாட்டுக் கிறித்தவ வரலாற்றில் கருமத்தம்பட்டிக்குத் தனியிடம் உண்டு. கோவைக்குக் கிழக்கே, செபமாலை அன்னை ஆலயத்தால் பெயர்பெற்ற இவ்வூரில்தான் 1846 அக்டோபர் 4ஆம் நாள் பிரெஞ்சுக் குரு மரியோன் பிரெசியாக் ஆயராகத் திருநிலை பெற்றார். இம்மண்ணின் மைந்தரையே குருக்களாக்கிப் போதிக்கும் பொறுப்பினை அவர்பால் ஒப்படைத்தல் வேண்டும் என்பது அவர்தம் உறுதியான கொள்கை. அக்கொள்கையின் வேரினைத் தொடக்கக் கிறித்தவ நூல்களின் போதனையுரைகளிலேயே காணலாம்.

மத்தேயு நற்செய்தியில் இயேசுவின் உரைகள் ஐந்து தொகுதிகளாக அமைந்துள்ளன. மலைப்பொழிவு (5-7), தூதுரை (10), உவமையுரை (13), சமூக வாழ்வுரை (18), இறுதிக்காலவுரை (24-25) என்பன அவை. ஒவ்வொன்றின் முடிவிலும், இயேசு பேசி முடித்தார் எனும் பொருள்தரும் ஒரே வகைத் தொடர் வருகின்றது. வெவ்வேறு தருணங்களில் சொல்லப்பட்டவற்றை நற்செய்தியாளர் பொருள் நோக்கித் தொகுத்தார் என்பது அறிஞர் பலரின் கருத்து. குறள் அதிகாரந்தோறும் பத்துப் பாக்களாய் நிற்பது போல, எழுத்தறியாரும் செவிவழிக் கேட்டு நெஞ்சில் இருத்துதற்கு இத்தொகுப்பு துணைநின்றது. எதிர்நிலை அடுக்கும், மும்முறை வருகின்ற சொல்லும், வயலிலும் வலையிலும் பிறந்த உவமையும் நினைவுக்கு உதவும் கருவிகளாம். இது கவிஞர்கள் கருதத்தக்கது.

எனினும் நினைவில் இருத்தல் முடிந்த பயன் அன்று. மலைப்பொழிவு, கேட்டபடி நடப்பவனைப் பாறைமேல் வீடு கட்டியவனுக்கு ஒப்பிட்டு முடிகின்றது. ஒழுக்கமே அதன் இலக்கு. 1873இல் கண்டெடுக்கப்பட்டு 1883இல் அச்சேறிய 'திதாக்கே' எனும் பழைய போதனை நூலும் வாழ்வின் வழி, சாவின் வழி என இருவழி காட்டித் தொடங்குகின்றது. கற்பிப்பதைத் தான் செய்யாதவன் பொய்த் தீர்க்கன் என்றும் அது கூறும். ஆசிரியனையே அளக்கும் அளவுகோல் இது.

தமிழகத்திலும் இம்மரபு தழைத்தது. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' கிறித்தவக் கோட்பாட்டைப் போதித்தது. வீரமாமுனிவரின் 'வேதியர் ஒழுக்கம்' கற்பிப்போரின் நடத்தையையே பொருளாகக் கொண்டது.

பிரெசியாக்கின் வாழ்வும் இவ்வளவுகோலுக்கு உட்பட்டதே. சாதி வழக்கங்களைத் திருச்சபை எவ்வளவு ஏற்கலாம் எனும் வினாவில் மனச்சான்று அமைதி காணாது, 1855இல் அவர் பொறுப்பினின்று நீங்கினார். 1856இல் ஆப்பிரிக்கப் பணிக்கென ஒரு சபையை நிறுவி, 1859இல் ஃப்ரீடவுனில் உயிர்நீத்தார்.

தூதுரையின் நோக்கம் கேட்போரை இருத்திவைத்தல் அன்று, அனுப்புதல். கேட்டவன் நடப்பவனாகி, நடப்பவன் போதிப்பவனாகும்போதே உரை நிறைவெய்துகின்றது. கருமத்தம்பட்டி தரும் வரலாற்றுப் பாடமும் இதுவே.