பூட்டு கெட்டி, பூட்டியவர் மனிதர்



நாலு நம்பர் எழுதுபவர்களை நாம் பார்த்திருக்கிறோம். எந்த எண்ணையும் எழுதலாம். எழுதுவதோ பிள்ளையின் பிறந்த நாள், இல்லையேல் வழியில் கண்ட வண்டியின் எண். நினைவில் உள்ளதை விட்டு மனம் எளிதில் விலகுவதில்லை. இதே பழக்கம் ஒரு பெரும் படையின் இரகசியத்தை வெளிப்படுத்திய வரலாற்றை இன்று காண்போம்.

ஜெர்மானியப் படையிடம் எனிக்மா என்ற கருவி இருந்தது. பார்வைக்குத் தட்டச்சுப் பொறி போன்றது. ஓர் எழுத்தைத் தட்டினால், உள்ளே சுழலும் சக்கரங்கள் அதை வேறோர் எழுத்தாக மாற்றிவிடும். சக்கரங்களையும் கம்பி இணைப்புகளையும் மாற்றி அமைக்கும் வழிகளோ கோடி கோடிக்கும் மேல். ஆயினும் ஒவ்வொரு செய்திக்கும் மூன்று எழுத்துகளை, எந்த ஒழுங்கும் இல்லாமல், இயக்குபவரே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஓட்டை அங்கேதான் விழுந்தது.

1932 டிசம்பரில், போலந்து நாட்டுக் கணித அறிஞர் மரியன் ரெயெவ்ஸ்கி, 27 வயதில், அக்கருவியின் உள்ளமைப்பைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்தார். அதன்பின் அவருக்குக் கைகொடுத்தது எதிரியின் சோம்பல். பலர் ஒரே எழுத்தையே மூன்று முறை தட்டினார்கள். மேலதிகாரிகள் அதைத் தடைசெய்தார்கள். உடனே அவர்கள், எந்த எழுத்தும் இரண்டு முறைகூட வராதபடி பார்த்துக்கொண்டார்கள்! ஒன்றைத் தவிர்ப்பதும் ஓர் அடையாளம்தானே? ரெயெவ்ஸ்கி அதையும் பயன்படுத்திக்கொண்டார். நினைவுள்ள மனிதனால் தற்செயலைச் சரியாக நடிக்க முடியாது என்பது அவர் கண்ட உண்மை.

1939 ஜூலையில் போலந்துக்காரர்கள் இந்த வித்தையைப் பிரிட்டிஷ், பிரெஞ்சு அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். அடுத்த செப்டம்பரில் போர் மூண்டது. இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் பணியாற்றிய ஜான் ஹெரிவெல் என்ற 21 வயது இளைஞர், 1940 பிப்ரவரியில், கருவியை விட்டுவிட்டு அதன்முன் அமர்ந்திருக்கும் ஆளை எண்ணிப் பார்த்தார். காலையில் எழுந்து, அன்றைய கட்டளைப்படி சக்கர வளையங்களைத் திருப்பி மூடியவன், களைப்பாலோ அவசரத்தாலோ, சக்கரங்களை மேலும் சுழற்றாமல் அப்படியே விட்டால் என்ன ஆகும்? அவன் அனுப்பும் முதல் செய்தியின் தலைப்பிலுள்ள எழுத்துகள், அன்றைய இரகசிய அமைப்பை ஏறக்குறையக் காட்டிவிடுமே!

சில வாரங்கள் ஒன்றும் தென்படவில்லை. 1940 மே மாதத் தொடக்கத்தில் ஜெர்மானியர் முறையை மாற்ற, பழைய வழிகள் அடைபட்டன. ஆனால் போர்க்களத்தில் வேலை மிகுந்து, களைப்பும் மிகுந்தது. ஹெரிவெல் நினைத்தபடியே பல நிலையங்களின் முதற்செய்திகள் ஒரே இடத்தைச் சுட்டின. காதலியின் பெயரிலிருந்து எழுத்தெடுத்தவர்களும், விசைப்பலகையில் அடுத்தடுத்த எழுத்துகளைத் தட்டியவர்களும் மற்றதைக் காட்டிக்கொடுத்தார்கள்.

அந்தப் படைவீரர்கள் யாரும் துரோகிகள் அல்லர், தூக்கம் போதாதவர்கள். தங்கள் காதலியரின் பெயர்களை இங்கிலாந்தில் சிலர் மனப்பாடமாக வைத்திருந்ததை அவர்கள் அறியவே இல்லை. உலகம் இதைப் பரவலாக அறிந்ததும் 1970களில்தான்.